ஸ்டோனின் கட்டடத்துக்குப் பக்கத்தில்

டெல்லி சாணக்கியபுரியில் உள்ள அமெரிக்கத் தூதரகக் கட்டடம் 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் எட்வர்ட் டுரெல் ஸ்டோன். உயர்ந்த மேடை, அதன்மேல் இரண்டு தளங்கள், மெல்லிய பொன்னிறத் தூண்கள், நாற்புறமும் நீண்டு நிழல் தரும் கூரை, நடுவே தண்ணீரும் மரங்களுமாக ஒரு முற்றம். கண்ணாடிச் சுவர்களுக்கு முன்னால் ஜாலித் திரை நிற்கிறது. நம் ஊர் மாடிப்படியில் பதிக்கும் சிமென்ட் ஜாலிக்கு அது நெருங்கிய உறவு. கண்கூசும் வெயிலை உள்ளே விடாமல் தடுப்பதே அதன் வேலை. அழகு அந்த வேலையிலிருந்து பிறந்தது. அதே வளாகத்தில் தூதர் குடியிருக்கும் ரூஸ்வெல்ட் இல்லத்தையும் ஸ்டோன் இதே பாணியில் கட்டினார்.

இப்படிப்பட்ட கட்டடத்துக்கு அருகே புதிதாகக் கட்டுவது கடினமான பணி. ஆனால் தேவை உண்மையானது. 1998இல் நைரோபி, தாருஸ்ஸலாம் தூதரகங்களில் குண்டு வெடித்தபின், 1999இல் வந்த அமெரிக்கச் சட்டம் புதிய தூதரகக் கட்டடங்கள் சுற்றெல்லையிலிருந்து 100 அடி உள்ளே தள்ளியிருக்க வேண்டும் என்றது. ஐம்பதுகளின் நம்பிக்கையில் எழுந்த கட்டடத்தின் மீது இன்றைய பாதுகாப்பு விதிகளையும் அலுவலகத் தேவைகளையும் ஏற்றினால் அதன் மென்மை முதலில் போய்விடும். இந்த வளாகத்துக்காக நியூயார்க்கின் வைஸ்/மேன்ஃப்ரெடி கட்டடக்கலை நிறுவனம் வகுத்த திட்டம் அந்தச் சுமையைப் புதிய கட்டடங்களுக்கு மாற்றுகிறது. ஸ்டோனின் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு நிலைக்கிறது. பழையதையும் புதியதையும் தோட்டம் இணைக்கிறது.

மரியாதை என்பது ஜாலியை அப்படியே நகலெடுப்பது அல்ல. பக்கத்திலேயே ஒரு போலி நின்றால் அசலின் மதிப்புத்தான் குறையும். எடுத்துக்கொள்ள வேண்டியவை நிழல், நீர், மேடையின் அளவு, கட்டடங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் லூயி கானின் செங்கல் வளாகத்துக்கு எதிரே எச்.சி.பி. நிறுவனம் புதிய வளாகம் அமைத்தபோது, செங்கல்லை விட்டுப் பூசாத கான்கிரீட்டைத் தேர்ந்தது. சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இரண்டையும் சேர்த்தது. எது பழையது என்று பார்த்தவுடன் தெரிகிறது. அந்த நேர்மையே சரியான வழி.

எல்லா நவீனக் கட்டடங்களுக்கும் இப்படி நிலைத்திருக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்து, பொறியாளர் மகேந்திர ராஜ் கட்டமைப்பை உருவாக்கி, 1972இல் திறக்கப்பட்ட ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சி அரங்கம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அறுபது ஆண்டு ஆகாத கட்டடம் பாரம்பரியச் சின்னம் ஆகாது என்ற வாதம் அதைக் கைவிட்டது. நாடு விடுதலை பெற்றபின் டெல்லி கட்டியவற்றுக்கு இது மிகவும் அநியாயமான அளவுகோல். தூதரகத்தைக் காத்தது டெல்லியின் சட்டம் அல்ல, உரிமையாளரின் விருப்பம்.