மரத்துக்கு மருந்து, மாதருக்கு?

வெட்டுப் பட்டையில் பூசணம் கண்டால் தோட்ட நிர்வாகம் சும்மா இருக்கிறதா? உடனே மருந்து கலக்கி, மரம் மரமாகப் பூசச் சொல்கிறது. பட்டை அழுகினால் பால் போகும். பால் போனால் இலாபம் போகும் என்ற கவலை அது. ஆனால் அந்த மரத்தை விடியற்காலையில் வெட்டுகின்ற பெண்ணின் உடலில் நோய் அரும்புகிறதா என்று பார்க்க எத்தனை நிர்வாகங்கள் முன்வந்தன?

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றியே கூறுகிறோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 350,000 பெண்களை இது பலி கொண்டது. இத்தனைக்கும் இது திடீரென்று வந்து கொல்லும் நோயன்று. எச்.பி.வி. என்னும் கிருமி தொற்றி, நீங்காமல் தங்கி, புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இடையில் கண்டுகொண்டால் கெட்ட திசுவை நீக்கிக் குணப்படுத்திவிடலாம்.

"நம் பெண்களுக்கு அறிவு போதாது, கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்" என்கிறார்கள் சிலர். பொய்! பழைய பரிசோதனைக்கு முன்பின் அறியாதவர் முன்னே ஆடை விலக்கிப் படுக்கவேண்டும். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கிளினிக் போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். வேலையை விட்டுப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். மானத்தையும் கூலியையும் ஒருசேரக் கேட்டால் எந்தப் பெண் வருவாள்?

மானத் தடை இன்று நீங்கிவிட்டது. பெண் தானே, மறைவான அறையில், மெல்லிய பஞ்சுக் குச்சியைப் பிறப்புறுப்பினுள் செலுத்திச் சில தடவை சுழற்றி எடுத்து, குழாயில் இட்டுக் கொடுத்தால் போதும். கிருமி உண்டா இல்லையா என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முறை இது. மலாயாப் பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலிய வல்லுநர்களுடன் கூடி, 'ரோஸ்' என்ற திட்டத்தின் மூலம் இந்நாட்டிலேயே இதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். முடிவு பெண்ணின் கைப்பேசிக்கே வருகிறது.

எஞ்சியிருப்பது கூலித் தடை. அதை நீக்க வேண்டியவர் முதலாளி!

2010 முதல் 13 வயதுப் பள்ளி மாணவியருக்கு அரசாங்கம் தடுப்பூசி போடுகிறது. அதற்கு முன்பே பள்ளியை விட்ட நம் தாய்மாருக்கு அந்தப் பாதுகாப்புக் கிட்டவில்லை. ஆகவே நாம் கேட்பது இதுதான்: 30 முதல் 65 வயது வரையுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தோட்டத்திலேயே இப்பரிசோதனை, தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு தாதி, கிருமி கண்டவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர வாகனமும், முழுச் சம்பளத்துடன் விடுப்பும். கண்டுபிடித்துவிட்டு வாளாவிருந்தால் குச்சியால் என்ன பயன்?

ஆண் தோழர்களே! கிருமி கண்டால் புற்றுநோய் வந்துவிட்டதென்று பொருளன்று. அதைக்கொண்டு மனைவியின் ஒழுக்கத்தை அளக்கப் புறப்படாதீர். ஆணும் பெண்ணுமாகப் பெரும்பாலோர் வாழ்வில் ஒரு தடவையேனும் இக்கிருமியைப் பெறுகிறவர்களே.

கிராணிமார்களே! ஆஸ்பத்திரிக்குப் போன நாளைச் செக்ரோலில் வராத நாளாகப் பதியாதீர். ஒருத்தியின் முடிவை ஊர்ப்பேச்சு ஆக்காதீர்.

ஒவ்வொரு கிளையும் தீர்மானம் நிறைவேற்றட்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இக்கோரிக்கை மேசைக்கு ஏறட்டும். மரத்துக்குப் பூச மருந்து வாங்கும் கை, மாதர் உயிருக்கு ஒரு பஞ்சுக் குச்சி வாங்கக் கூசுமானால், அந்தக் கூச்சத்தை நாம் போக்குவோம்!