அழிவைக் கொண்டு காற்றை அளத்தல்

கண்ணால் அறிவதைக் காட்சியளவை என்றும், புகை கண்டு நெருப்பை உணர்வதைக் கருதலளவை என்றும் தருக்க நூலார் பிரிப்பர். அமெரிக்கச் சமவெளிகளில் எழும் டொர்னேடோ என்னும் சுழற்காற்றின் வன்மை பெரும்பாலும் கருதலளவையாலேயே அறியப்படுகிறது. காற்றளக்கும் கருவி அதன் வழியில் அகப்படுவது அரிது. அகப்படினும் பெரும்பாலும் உடைந்துபோம். ஆகவே காற்று அடங்கியபின் வானிலை நிலையத்தார் சென்று, இடிந்த வீட்டையும் முறிந்த மரத்தையும் நோக்கி அதன் வேகத்தை மதிப்பிடுகின்றனர்.

இம்முறையை வகுத்தவர் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெத்சுயா புஜித்தா. 1945-இல் நாகசாக்கியில் அணுகுண்டு விளைத்த பாழை நேரிற் சென்று ஆராய்ந்தவர் அவர். அழிவின் கோலத்தில் அழித்த விசையைப் படிக்கும் பழக்கம் அன்றே வாய்த்தது போலும். 1971-இல் அவர் அமைத்த அளவுகோல், 2007 முதல் அமெரிக்காவில் திருத்திய உருவில் வழங்குகிறது. 28 வகைப் பொருள்களின் சேதத்தை ஒப்பிட்டு, 0 முதல் 5 வரையுள்ள படிகளுள் ஒன்றை அளிப்பர். வீடு பெயர்ந்துபோயிற்று என்பது மட்டும் போதாது. அதனை அஸ்திவாரத்தோடு பிணைத்தவை இரும்பு போல்ட்டுகளா, வெறும் ஆணிகளா என்றும் பார்ப்பர். ஆணியடித்த வீட்டைப் பெயர்க்கக் குறைந்த காற்றே போதுமன்றோ? இந்நுட்பம் போற்றத்தக்கதே.

ஆயினும், இடிப்பதற்கு ஒன்றுமில்லாத வெளியில் வீசும் காற்றுக்குச் சாட்சி யார்? 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவில் எல் ரீனோ ஊரருகே 2.6 மைல் அகலமுள்ள சுழற்காற்று எழுந்தது. நடமாடும் ராடார்கள் அதனுள் மணிக்கு ஏறத்தாழ 300 மைல் வேகத்தைக் கண்டன. ஐந்தாம் படிக்கு 200 மைலைக் கடந்தாலே போதும். முதலில் அப்படியே அளித்தனர். பின்னரோ, சேதம் அத்துணை இல்லையென்று மூன்றாம் படிக்கு இறக்கினர். அது பெரிதும் வயல்வெளியிற் சென்றதே காரணம். கண்டதைத் தள்ளிக் கருதியதைக் கொள்வது எவ்வூர்த் தருக்கமோ யாம் அறியோம்.

ராடார் எல்லாக் காற்றையும் எட்டுவதில்லை, அது காண்பதும் தரைக்குச் சற்று மேலுள்ள காற்றையே, சிலவற்றை மட்டும் அதனால் மதிப்பிட்டால் பழைய பதிவுகளோடு ஒப்பிடுதல் கெடும் என்று மறுப்போர் கூறுவர். அது மெய்யே. ஆனால் 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ராடார் கண்ட சுழற்காற்றுகள் சேதத்தாற் பெற்ற படியினும் சராசரி ஒரு படிக்கு மேலாகவே வலியன என்று காட்டிற்று. எவ்வளவு வலிய காற்று எத்துணை முறை வரும் என்னும் கணக்கைக் கொண்டே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கட்டட விதிகள் எழுதப்படுகின்றன. கணக்குக் குறைந்தால் சுவரும் மெலியும்.

பழைய படியை நீக்குக என்று யாம் கேட்கவில்லை. அதனைச் சேதத்தின் படி என்றே அழைத்து, ராடார் கண்ட வேகம் கிடைத்தவிடத்து அட்டவணையில் அதனருகே எழுதுக என்பதே எம் வேண்டுகோள். எல் ரீனோவுக்கு நேரே 3 என்பதும் நிற்கட்டும். 300 மைல் என்பதும் நிற்கட்டும்.