எர்ரர் போச்சு, கணக்கும் போச்சு!

அட்டவணையில் #எர்ரர் என்று வந்து நிற்கிறது. பக்கத்து சீட்டு நிபுணர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார்முலா கடைசில ஒரு அரைப்புள்ளி, ஒரு 'என்' போடு மாப்ள, சரியாயிரும்" என்கிறார். போட்டதும் #எர்ரர் காணாமல் போகிறது. இருவரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கணக்கு சரியானதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. இந்த வைத்தியத்தைத் திட்டத்தான் இந்தப் பதிவு.

ஆர்க்-மோட் தெரியாத பி.காம். மக்களுக்குச் சுருக்கமாக... ஈமேக்ஸ் எடிட்டருக்குள் ஓடுகிற ஒரு வசதி அது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-ல் தொடங்கினார். 2007-ல் வந்த ஈமேக்ஸ் 22 முதல் எடிட்டரோடு கூடவே வருகிறது. செங்குத்துக் கோடுகளைப் போட்டு வெறும் எழுத்தாகவே அட்டவணை எழுதலாம். ஃபார்முலா அதன் காலடியில் தனி வரியாக, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கும். எக்செல் போல செல்லுக்குள் ஒளிந்துகொள்ளாது. $4=$2*$3 என்றால் இரண்டாம் நெடுவரிசையை மூன்றாவதால் பெருக்கி நான்காவதில் போடு என்று அர்த்தம். அது போதாதென்றால் லிஸ்ப் மொழியிலேயே $4='(* $2 $3) என்று எழுதலாம். வம்பு ஆரம்பிப்பது இங்கேதான்.

லிஸ்ப் ஃபார்முலாவுக்குள் போகிற கட்டம் எண்ணாகப் போவதில்லை. மேற்கோள்குறிக்குள் அடைத்த எழுத்தாகத்தான் போகிறது. "1250" என்ற எழுத்தை "12" என்ற எழுத்தால் பெருக்க மாட்டேன் என்கிறது லிஸ்ப். அதுதான் அந்த #எர்ரர். 'என்' போட்டால், "எல்லாவற்றையும் எண்ணாகவே எடுத்துக்கொள், எண்ணாக இல்லாததை 0 என்று வைத்துக்கொள்" என்று உத்தரவு போட்டதாக ஆகிவிடும். கையேட்டில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

செல்லூரில் துண்டு நெய்து கொடுக்கிற ஒரு தறிக்காரருக்குக் கணக்கு எழுதித் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஒரு நெடுவரிசை, கூலி ஒன்று, தொகை ஒன்று. 900 துண்டு, 12 ரூபாய், 10800. சரி. அடுத்த வரியில் 1250 துண்டு. நம் ஊர்ப் பழக்கப்படி அதை 1,250 என்று எழுதியிருக்கிறார்கள். 'என்' என்ன செய்கிறது தெரியுமா? காற்புள்ளி வரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. 1,250 அதற்கு வெறும் 1. தொகை 15000 வர வேண்டிய இடத்தில் 12 வருகிறது. 1,24,500 என்று எழுதினாலும் அதே 1 தான். லட்சமும் ஒன்று, ஆயிரமும் ஒன்று. நல்ல சமத்துவம்!

கவனியுங்கள், ஆயிரத்துக்குக் கீழே இருக்கிற எந்த வரியும் கெடுவதில்லை. அதிகம் நெய்த வாரங்கள் மட்டும்தான் கெடும். நாலு வரி அட்டவணையில் 12 கண்ணை உறுத்தும். இருநூறு வரியின் கூட்டுத்தொகையில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

வகுத்தல் இன்னும் மோசம். 2500 ரூபாயை 6 நாளுக்குப் பிரித்தால் சாதாரண ஃபார்முலா 416.66667 என்று சரியாகச் சொல்லும். அதையே லிஸ்பில் '(/ $2 $3) என்று எழுதி 'என்' போட்டால் 416. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தை வெட்டிப் போடுவது லிஸ்பின் வழக்கம். எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புரியாமல் இருக்க நியாயமே இல்லை. டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுகிறோம். "இங்கே ஒரு தப்பு இருக்கிறது, அப்புறம் தேடணும்" என்று அந்தத் தொகை அங்கேயே நின்று கத்திக்கொண்டிருக்கும். #எர்ரர் செய்வதும் அந்த வேலையைத்தான். கண்டுபிடிக்காமல் அழிப்பவர் சஸ்பென்ஸ் கணக்கைக் கிழித்துப் போடுகிறவர்.

"இதுக்குத்தான் எக்செல்லே போதும்னு சொல்றது" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அங்கே மட்டும் என்ன வாழுது? எழுத்தாகச் சேமித்த எண்ணைக் கூட்டலில் சேர்க்காமல் சத்தமில்லாமல் தாண்டிப் போவது எக்செல்லின் பழைய பழக்கம். எர்ரரை மூடி மறைக்கவென்றே 2007 பதிப்பில் இஃப்எர்ரர் என்று ஒரு ஃபங்ஷனையும் கொடுத்தார்கள். ஹார்வர்டு பொருளாதார நிபுணர்கள் ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010-ல் அரசுக் கடன் பற்றி எழுதிய கட்டுரையின் கதை தெரிந்ததே. சராசரி எடுக்கும்போது 5 நாடுகள் வரம்புக்கு வெளியே விடுபட்டுப் போயின. அந்தக் கட்டுரையில் வேறு குறைகளும் உண்டு, இது அவற்றில் ஒன்று. 2013-ல் அதை வெளியே கொண்டுவந்த மூவரில் தாமஸ் ஹெர்ன்டன் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர். ஆசிரியர்களிடம் கேட்டு அந்த எக்செல் ஷீட்டை வாங்கிய பிறகுதான் அவரால் ஃபார்முலாவைப் பார்க்க முடிந்தது. அதுவரை மூன்று வருஷம் உலகமே விடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆர்க்-மோடில் ஃபார்முலா கண் முன்னாலேயே இருக்கிறது. அதையும் பார்க்காமல் 'என்' தேடுவதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

"அவசரத்துக்கு வேற என்ன செய்ய?" என்றால், கண்ட்ரோல்-சி அடித்து ஒரு { அழுத்துங்கள். பிழைதேடி விழித்துக்கொள்ளும். அந்த வரியை மறுபடி கணக்கிடச் சொன்னால், $2 இருந்த இடத்தில் எது போய் உட்கார்ந்தது என்று படிப்படியாகக் காட்டும். '(* "1,250" "12") என்று திரையில் பார்த்தவுடன் சங்கதி விளங்கிவிடும். பிறகு அட்டவணையில் காற்புள்ளியை எடுத்துவிடலாம். எடுக்க மனமில்லையா? கட்டம் எழுத்தாகத்தானே உள்ளே வருகிறது, லிஸ்பிலேயே காற்புள்ளியை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றச் சொல்லி எழுதலாம். அதற்கு 'என்' தேவையே இல்லை. வகுத்தலுக்கு 6 என்பதை 6.0 என்று எழுதினால் பைசாவும் தப்பும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம். டீ அதுவரை ஆறிவிடாது.