தூக்குவது கையா, பட்டையா?

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை!

மணிக்கட்டில் மாட்டி, இரும்புக் கம்பியோடு சேர்த்து முறுக்கிக் கொள்கிறார்களே ஒரு பட்டை, அதைப் பற்றித்தான். "ஸ்ட்ராப்" என்பார்கள். விரல் சோர்ந்தாலும் கம்பி நழுவாது. முதுகுக்கும் தொடைக்கும் முழு வேலை கிடைக்கும். பட்டை மேல் தப்பு இல்லை. 2016-ல் 500 கிலோவைத் தரையிலிருந்து தூக்கிய இங்கிலாந்து பயில்வான் எட்டி ஹால் கையிலும் பட்டை இருந்தது.

நம்ம பையன்கள் 40 கிலோவுக்கே பட்டையைச் சுற்றுகிறார்கள்! அப்புறம் விரலுக்கு என்ன வேலை?

போலீஸ் வேலைக்குத் தயாராகும் ஒரு தம்பியைப் பார்த்தேன். பட்டையோடு 120 கிலோ தூக்குகிறார். சபாஷ்! கயிறு ஏறச் சொன்னார்கள். பாதியிலேயே சர்ரென்று இறங்கி விட்டார். உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம்.

காவலர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறும் சோதனை உண்டு. அங்கே பட்டை ஏது? பளு தூக்கும் போட்டி மேடையிலும் அதற்கு அனுமதி கிடையாது.

முதலில் வெறுங்கையால் தூக்குங்கள். பிடி நழுவுகிறதா? கடைசி கனமான செட்டுக்கு மட்டும் பட்டை போதும். கம்பியைத் தோளில் ஏந்தும் "கிளீன்" பயிற்சிக்கு மட்டும் கட்டவே கட்டாதீர்கள். சட்டென்று கம்பியை விட முடியாது. மணிக்கட்டு போய்விடும்!

இதையெல்லாம் மாஸ்டர்கள் அல்லவா சொல்லித் தர வேண்டும்? மாதா மாதம் பணம் மட்டும் கரெக்டாக வாங்குகிறார்களே!