நோன்பும் வார்பரின் குளிசையும்



நோன்பு வந்தால் நம்மில் பலர் முதலில் நிறுத்துவது மருந்தைத்தான். 'இரத்தம் தண்ணியாகிப் போகும்' என்ற பயம் வேறு. இதயத்துக்குள் இரத்தக்கட்டி உள்ளவர்கள் வார்பரினை அப்படி விட்டுவிட முடியாது. அந்தக் குளிசை கட்டியை வளரவிடாமல் பிடித்து வைக்கிறது, கரைப்பது உடம்பின் வேலை. இடையில் விட்டால், கட்டியில் ஒரு துண்டு மூளைக்குப் போய் ஒரு பக்கம் இழுத்துவிடலாம்.

நாளைக்கு ஒரு வேளைக் குளிசைதானே? டொக்டரிடம் கேட்டு இஷாவுக்குப் பிறகு போடுவோம். சாப்பாடு மாறுகிற மாதம் என்பதால் ஐ.என்.ஆர். பார்க்கும் கிளினிக் நாளையும் தவறவிடக் கூடாது. பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கருஞ்சீரகத்தை நாம் மறுக்கவில்லை, ஆனால் அதையும் டொக்டரிடம் சொல்லிவிட்டே எடுப்போம். வாப்பா, உம்மாமாரின் கிளினிக் கொப்பியை இன்றைக்கே ஒருக்கா எடுத்துப் பார்ப்போம்.