மழை விடுமுறை நாளில் ஒரு வேளைச் சோறு

ஆலந்தலை ஊர் மக்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கரையின் தாய்மார் எழுதிக்கொள்வது.

கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத்துறை சொல்லும் நாளில்தான் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை விடுகிறார்கள். அப்பனுக்கு மீன்பாடு இல்லை. பிள்ளைக்குக் காலை உப்புமாவும் இல்லை, மத்தியானச் சத்துணவும் முட்டையும் இல்லை. விடுமுறையைக் குறை சொல்லவில்லை. அந்த மழையில் எந்தத் தாய் பிள்ளையை வெளியே அனுப்புவாள்? ஆனால் அன்றைய சாப்பாட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

அரிசிக்குக் குறைவில்லை. 2011 முதல் ரேஷனில் விலையில்லாமல் வாங்குகிறோம். அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. தட்டுப்பாடெல்லாம் குழம்பில்தான். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு, ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கு. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அது எத்தனை நாள் வரும்? மற்ற நாட்களில் கறிக்குச் சாளையோ நெத்திலியோ வந்து சேர்ந்துவிடும். படகு இறங்காத வாரத்தில் மீன்காரி வீட்டிலேயே மீன் கிடையாது. முதலில் ரசம், பிறகு கஞ்சியும் துவையலும், அதற்கும் மேலே போனால் வட்டிக்காரர். கடைசியில் சாப்பிட உட்காருவது யார், பானையில் என்ன மிச்சம் என்பது உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

கோடையிலும் இதே கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லைதான். விசைப்படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டில் உட்கார வேண்டும். நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 131 ரூபாய். அந்த நாட்களில்தான் பள்ளிக்கும் கோடை விடுமுறை. அது முடிந்தால் கச்சான் காற்று படகை இறக்க விடாது.

2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழை. சாலை அறுந்து, கரண்டும் போனது. ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். நம் மாவட்டத்து மீனவர்கள் படகோடு ஊர்களுக்குள் போய் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டார்கள். ஊராரைக் காப்பாற்றப் படகு எடுத்த கைகள் ஓர் அண்டாவை அடுப்பில் ஏற்ற யோசிக்கலாமா?

நாங்கள் கேட்பது இதுதான். மழைக்குப் பள்ளி மூடி, படகும் கரையில் கிடக்கும் நாளில் மத்தியானம் பொதுவில் ஒரு வேளை சோறு ஆக்குவோம். ஊருக்கே அசன விருந்து ஆக்கிப் பழகிய கைகள் நமக்கு உண்டு, பாத்திரத்துக்கும் பஞ்சமில்லை. பிள்ளைகளுக்கும், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் முதல் பந்தி. அட்டை கேட்க வேண்டாம், பெயர் எழுத வேண்டாம். படகு வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளையும் அதே பந்தியில் உட்காரட்டும். இல்லாவிட்டால் இல்லாத வீட்டுப் பிள்ளை வராது. ரோஷம் எல்லா வீட்டிலும் உண்டு.

ரேஷனில் பருப்பும் எண்ணெயும் வாங்காமல் விடுகிறவர்கள் வாங்கிக் கொடுங்கள். அரிசியைச் சில்லறைக் காசுக்கு, அதை வாங்க வரும் வண்டிக்காரனிடம் தள்ளிவிடாதீர்கள். படகுக்காரர்கள், நல்ல பாடு கிடைத்த அன்று ஒரு கூடைச் சாளை ஒதுக்குங்கள். உப்பிட்டுக் காயவைத்துக் கருவாடாக்குவது எங்கள் பொறுப்பு. வெளியூர்ப் பிள்ளைகளிடம் முட்டைக்கான காசு கேட்கிறோம். கடைக்கார அண்ணன்மாரே, புயல் நாளில் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் விலை ஏற்றாதீர்கள்.

ஊர் செய்கிறதே என்று அரசு ஒதுங்கிவிடக் கூடாது. 2020இல் கொரோனாவுக்குப் பள்ளிகள் மூடியபோது, சத்துணவுக்கான அரிசியையும் பருப்பையும் முட்டையையும் மாணவர்களுக்கே கொடுத்தார்கள். மழை விடுமுறைக்கும் தடைக்காலத்துக்கும் கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் அதையே செய்யக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதியிருக்கிறோம். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் மனுவும் ஒரு நோட்டும் இருக்கும். மனுவில் கையெழுத்துப் போடுங்கள். எந்த வீடு எதைத் தரும், யார் அடுப்புக்கு நிற்பார்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் விறகு வாங்கி நனையாமல் அடுக்க வேண்டும்.