பாரிசுக்கு 40 மணி நேரம், புதுச்சேரிக்குத் துப்பாக்கிக் குண்டு

2023இல் பிரான்சு அரசு ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தியபோது நடந்த போராட்டக் காணொளிகளை நாம் எல்லோரும்தான் பகிர்ந்தோம். 'போராட்டம்னா இப்படி இருக்கணும்' என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும். ஆனால் 'பிரெஞ்சுத் தொழிலாளி' என்றதும் நம் மனதில் வரும் முகம் என்ன நிறம்?

1936 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். மக்கள் முன்னணி தேர்தலில் வென்ற கையோடு ஏறத்தாழ 20 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளிகள் இறங்கிவந்து 7 முதல் 15 சதவீதம் வரை கூலி உயர்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சில வாரங்களில் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் சட்டமாயின. இந்தக் கதையை இடதுசாரி வகுப்புகளில் நானும் கேட்டு வளர்ந்தவன்தான்.

அதே 1936, ஜூலை 30. அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரி. 8 மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்ட சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச்சூடு. 12 பேர் செத்தார்கள். அன்று பாரிசில் பிரதமராக இருந்தவர் சோசலிஸ்டான லெயோன் ப்ளூம். சம்பளத்தோடு கிடைத்த முதல் விடுமுறையில் பிரெஞ்சுத் தொழிலாளிகள் கடற்கரைக்குப் போன கோடை அது. தொழிலாளர் சட்டங்கள் 1937 ஏப்ரலில்தான் ஓர் அரசாணை வழியாகப் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தன. பாரிசின் 1936ஐக் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் இந்த 12 பிணங்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள்?

காலனி நாடு, அப்படித்தான் இருக்கும் என்பார்கள். சரி, பிரான்சுக்குள்ளேயே வருவோம்.

1980களின் தொடக்கத்தில் பாரிசைச் சுற்றியிருந்த கார் ஆலைகளில் மொரோக்கோ, அல்ஜீரியத் தொழிலாளர்கள் போராடினார்கள். அமைச்சரவையில் கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள். அந்த ஆட்சியின் உள்துறை அமைச்சரோ இவற்றை முஸ்லிம் மதவாதிகளின் வேலைநிறுத்தம் என்று வர்ணித்தார். 1984 ஜனவரியில், புவாசியிலுள்ள டால்போ ஆலையில் ஆட்குறைப்பை எதிர்த்து உள்ளே அமர்ந்திருந்தவர்களை, வேலைநிறுத்தத்தில் சேராத சக தொழிலாளிகளே தாக்கினார்கள். அரபியர்களை ஆற்றில் தள்ளு என்று கத்தினார்கள். சாதி தொழிலாளர்களையே படிநிலையாகப் பிரித்து வைக்கிறது என்றார் அம்பேத்கர். இனமும் சாதியும் ஒன்றல்ல, அதைக் குழப்ப வேண்டாம். ஆனால் அவரை வாசித்தவருக்குப் புவாசியில் நடந்தது புதிதாக இருக்காது.

1995 ரயில்வே வேலைநிறுத்தம் இன்னும் வேதனை. தங்கள் சிறப்பு ஓய்வூதியத்தைக் காக்க ரயில்வே ஊழியர்கள் நாட்டையே நிறுத்தி வென்றார்கள். அதே ரயில்வே 1970களில் வேலைக்கு எடுத்த மொரோக்கோக்காரர்களுக்கு அந்த ஓய்வூதியம் கிடையாது, குடியுரிமை இல்லையாம். 800க்கும் மேற்பட்டோர் வழக்காடினார்கள். அது பாகுபாடுதான் என்று பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தபோது அவர்கள் கிழவர்களாகியிருந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னால் வர்க்க ஒற்றுமையை உடைக்கிறாய் என்று தோழர்கள் கோபப்படுகிறார்கள். புவாசியில் உடைத்தது யார் தோழர்?

பாரிசின் இபிஸ் பத்தினியோல் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்த சுமார் 20 பேர் 2019 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பெண்கள், ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். மணிக்கு மூன்றரை அறை என்ற கணக்கு அவர்கள் முதுகை ஒடித்துக்கொண்டிருந்தது. ஹோட்டல் வாசலில் பாட்டும் மேளமுமாகத் தொடங்கிய போராட்டம் 22 மாதம் நீண்டது. 2021 மே மாதம் வென்றார்கள். மூன்றரை மூன்றானது, சம்பளம் கூடியது, சாப்பாட்டுப் படி வந்தது. அவர்களில் ஒருவரான ரஷேல் கெகே அடுத்த ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். எங்களை ஹோட்டலே நேரடியாக வேலைக்கு எடுக்கட்டும் என்ற கோரிக்கை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.